பன்னெண்டு வார்த்தைக்கு மூணு ஜெராக்ஸ்

ஆறு மாசமா காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, யார் யாரோ பேசினதைக் கேட்டுக் கேட்டுத் தமிழ்ல டைப் அடிச்சுக் குடுத்த கூலி, அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்துமதியோட போனுக்கு வந்து சேந்துச்சு. வந்து சேந்துச்சுன்னா எப்படி? போஸ்ட்மேன் வந்து கையெழுத்து வாங்கலை. பேங்க்ல இருந்து மெசேஜ் வரலை. போன்ல புதுசா ஏத்தி வச்ச ஆப்புக்குள்ள, பூஜ்யம்னு இருந்த எடத்துல ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டுன்னு ஒரு எண் உக்காந்துச்சு. அவ்வளவுதான் சங்கதி.

அவ நின்னுக்கிட்டிருந்தது பெரட்டுக்களத்துல. காலையில தொழிலாளிங்க பேர் குடுக்கறதும் சாயங்காலம் கொழுந்து நிறுக்கறதும் அங்கதான். மஞ்சூருக்கு மேல இருக்கிற அந்தத் தேயிலை எஸ்டேட்டுல வேற எங்கேயும் சிக்னல் கெடையாது. தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுக்குள்ள போனா போன் வெறும் டார்ச் லைட்டு. அதனால பி.காம். படிச்ச முப்பது வயசுப் பொண்ணு, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, நிறுவைக் கொட்டகைத் தூணுல சாஞ்சுக்கிட்டு ஆறு மாசமா ஐரோப்பாக்காரனுக்கு வேலை செஞ்சா. லயத்துச் சனம் முதல்ல காதல்னு நெனைச்சுது. அப்புறம் பைத்தியம்னு நெனைச்சுது. ரெண்டும் இல்லைன்னு தெரிஞ்சதும் கண்டுக்காம விட்டுருச்சு.

கம்பெனிக்காரங்க முதல்லயே சொல்லிட்டாங்க, பேங்க் வழியா எல்லாம் அனுப்ப மாட்டோம், கிரிப்டோதான், அதை வைக்கப் போன்ல ஒரு வாலட் தொறந்து அட்ரஸ் குடுன்னு. இவளுக்கு அதைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஆனா பணம் வேணும். அப்பா தங்கவேலு ஃபேக்டரியில ரிட்டயர் ஆகி நாலு மாசம் ஆச்சு. மாசக் கடைசிக்குள்ள லயத்து வீட்டைக் காலி பண்ணுன்னு நோட்டீஸ் வந்தாச்சு. அம்மா தெய்வம்மா இன்னும் கொழுந்து எடுக்கறா, ஆனா தற்காலிகக் கூலி, அதுக்கு வீடு கெடையாது. மஞ்சூர்ல ஒரு ஓட்டு வீடு போக்கியத்துக்குப் பேசி வச்சிருக்காங்க, ஒண்ணே கால் லச்சம். வெள்ளிக்கிழமை பணம் வரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு வீட்டுக்காரர் கண்டிசனாச் சொல்லிட்டார். அந்த ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு டாலர், ரூபாய்ல ஒண்ணே கால் லச்சம், அதுதான் வீடு. அது போச்சுன்னா அடுத்த மாசம் சாமான் சட்டியோட ரோட்டுலதான் நிக்கணும்.

எண்ணைப் பாத்ததும் அவளுக்கு அழுகையே வந்துருச்சு. கம்பெனியில சம்பளம் பாக்கிற ஆளுக்கு நன்றின்னு மெசேஜ் போட்டா. அந்த ஆள் ஒரு லிங்க் அனுப்பினான். தொட்டா, இவ அட்ரஸுக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு வந்துச்சுன்னு அப்படியே காட்டுது.

"இது எனக்கு மட்டும்தானே தெரியும்?"னு கேட்டா.

"இல்லை, உலகத்துல யார் வேணாலும் பாக்கலாம். பொதுக் கணக்கு அது. எழுதினது எழுதினதுதான், யாராலும் அழிக்க முடியாது. பேர் மட்டும் இருக்காது"ன்னு பதில் வந்துச்சு.

இவளுக்குத் திக்குன்னு ஆச்சு. எஞ் சம்பளத்தை ஊரு உலகமே பாக்குமா! இதென்னடா கூத்து? பேரில்லாம எப்படி இது என்னோடதுன்னு சொல்லுவீங்கன்னு மறுபடி கேட்டா. அதுக்கு அந்த ஆள் எழுதினான்: "வாலட் தொறக்கும்போது பன்னெண்டு வார்த்தை குடுத்துச்சே, அதுதான் சாவி. அந்த வார்த்தை யாருக்குத் தெரியுதோ பணம் அவங்களோடது. வேற போனிலே அதைத் தட்டினாலும் உன் வாலட் அங்க தொறந்துரும். பேங்க் கெடையாது, மேனேஜர் கெடையாது, புகார் குடுக்கவும் எடம் கெடையாது. பத்திரமா வச்சிருக்கே இல்லே?"

பத்திரமாத்தான் வச்சிருக்கேன்னு பதில் போட்டுட்டு, அதை நெசமாக்கத்தான் வீட்டுக்கு ஓடினா.

இப்ப அந்தப் பன்னெண்டு வார்த்தைக் கதையைச் சொல்லணும். போன வாரம் வாலட் தொறந்தப்போ திரையில வரிசையா இங்கிலீஷ் வார்த்தை வந்துச்சு. குடை, ஆடு, ஏணி, ரிப்பன்னு ஒண்ணாங்கிளாஸ் புத்தகம் மாதிரி. காகிதத்துல எழுதி வை, யாருக்கும் காட்டாதேன்னு போட்டிருந்துச்சு. யாருக்கும் சொல்லாதீங்கன்னு எந்த மெசேஜ்ல தான் வரலை? ஓடிபியில வருது, கேஸ் புக்கிங்ல வருது. அதைக் கண்ணு பாத்துச்சு, மனசு வாங்கலை. நோட்டுத் தாள்ல நீல மையில அழகா எழுதி, அம்மா கையில குடுத்துச் சொன்னா, "அம்மா, இது தொலைஞ்சா பணம் மொத்தமும் தொலைஞ்ச மாதிரி. பாத்துக்க."

பாதிதான் சொன்னா. தொலையக் கூடாதுன்னு சொன்னவ, அடுத்தவங்க கண்ணுல படவும் கூடாதுன்னு சொல்லலை. அதுவும் யாருகிட்ட? தெய்வம்மாகிட்ட!

தெய்வம்மா எப்பேர்ப்பட்டவன்னு தெரியணும். ஏழு வயசுல இலங்கையில அட்டன் பக்கத்துத் தோட்டத்துல இருந்து கெளம்பி, தலைமன்னார்ல கப்பலேறி வந்தவ. மண்டபம் முகாம்ல மழை பேஞ்சு அவங்க அப்பாவோட குடும்ப அட்டை நனைஞ்சு கூழாப் போச்சு. காகிதம் இல்லைன்னா ஆளே இல்லைன்னுட்டான் ஆபீசர். கூட வந்த குடும்பமெல்லாம் கூடலூரு, கோத்தகிரின்னு போய்ச் சேர, இவங்க பதினோரு வாரம் அந்த முகாம்லயே கெடந்தாங்க. அன்னைக்கு இருந்து அந்தக் குடும்பத்துல எந்தக் காகிதமும் ஒத்தையா இருந்ததில்லை. அசலைப் பெட்டியில வைக்கணும், மூணு ஜெராக்ஸ் எடுத்து மூணு வீட்டுல வைக்கணும். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், தங்கவேலுவோட பி.எஃப். சீட்டு, இந்துமதியோட மார்க் ஷீட்டு, எல்லாத்துக்கும் அதே நடைமுறை. அவங்க லயத்துல முக்காவாசிப் பேர் இப்படித்தான். ஒருத்தர் காகிதம் இன்னொருத்தர் வீட்டுல இருக்கும். அங்க அதுக்குப் பேருதான் பத்திரம்.

இந்துமதி மூச்சிரைக்க வீட்டுக்குள்ள வந்தப்போ, தெய்வம்மா மத்தியானச் சோறு தின்னுட்டுக் கை கழுவிக்கிட்டிருந்தா. தங்கவேலு கட்டில்ல உக்காந்து பீடியைத் தேடிக்கிட்டிருந்தார்.

"அம்மா, பணம் வந்துருச்சு! அந்தக் காகிதத்தை எடு, ஒருக்காப் பாத்துக்கறேன்."

"வந்துருச்சா! மாரியாத்தா!"ன்னு தெய்வம்மா ஈரக்கையைச் சேலையில தொடைச்சுக்கிட்டே தகரப்பெட்டியைத் தொறந்தா. எடுத்து நீட்டினதைப் பாத்ததும் இந்துமதிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நோட்டுத் தாள் பளபளன்னு இருக்கு.

"என்னம்மா இது?"

"லேமினேசன் பண்ணிட்டேன்டி. சனிக்கிழமை மஞ்சூர் போனப்ப. இனி மழையே பேஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

"கடையில குடுத்தியா? கடைக்காரன் பாத்தானா?"

"பாக்காம எப்படிப் பண்ணுவான்? நான் பக்கத்துலயேதான் நின்னேன், மெசினுக்குள்ள விட்டான், எடுத்தான். மூணு ஜெராக்ஸும் எடுத்துக் குடுத்தான். அதுல ஒண்ணு கலரு. நீல மை நல்லா எடுத்துச்சு."

"மூணு ஜெராக்ஸா?"

"வழக்கமாக் குடுக்கறவங்களுக்குத்தான். சின்னராஜு அண்ணன்கிட்ட ஒண்ணு, கெஸியா டீச்சர்கிட்ட ஒண்ணு. கலரு உங்க மாமாகிட்ட, ஞாயித்துக்கெழமை குன்னூர் போய்க் கையிலயே குடுத்தேன். தூரமா இருக்கறவங்ககிட்ட நல்லதா இருக்கட்டும்னு."

இந்துமதி அந்த லேமினேசன் தாளை வெடுக்குன்னு வாங்கிக்கிட்டா.

"அம்மா, இது ரேஷன் கார்டு இல்லம்மா. இதுல பேரே கெடையாது."

"பேரில்லாத காகிதம் எங்கயாச்சும் இருக்குமா? அப்ப இது யாரோடதுன்னு எப்படி வெளங்கும்?"

"யாரு கையில இருக்கோ அவங்களோடது. அவங்க அவங்க போன்ல இந்தப் பன்னெண்டையும் தட்டினாப் போதும். என் பணம் அவங்க போன்ல இருக்கும். அவங்க எடுத்துக்கலாம். நான் யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்ப போலீஸ்ல சொன்னா?"ன்னார் தங்கவேலு.

"என்னன்னுப்பா சொல்றது? பூட்டை ஒடைச்சாங்கன்னா? நாமளே சாவியை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருக்கோம்."

தெய்வம்மா பெட்டி மேலயே உக்காந்துட்டா. நல்லது பண்றோம்னு நெனைச்சு, தன் வாழ்நாளெல்லாம் பண்ணின நல்லதையே இதுக்கும் பண்ணியிருக்கா. அதுவே வெனையாப் போகும்னு யாரு கண்டா? "நீ சொல்லலையேடி"ன்னா மெல்ல. அதுல தப்பும் இல்லை. அது இந்துமதிக்கும் தெரியும், அதுதான் அவளைக் குத்துச்சு.

ரெண்டு மணிச் சங்கு ஊதினதும் தெய்வம்மா கூடையை மாட்டிக்கிட்டு மலையேறினா. போகாட்டி அரைநாள் கூலி போயிரும். இவ மறுபடி பெரட்டுக்களத்துக்கு ஓடினா.

வழி ஒண்ணு இருந்துச்சு. அதையும் அந்தக் கம்பெனி ஆள்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா. புதுசா ஒரு வாலட் தொற, அதுக்கு வேற பன்னெண்டு வார்த்தை வரும், பழசுல இருக்கிற பணத்தைப் புதுசுக்கு அனுப்பிரு, அப்புறம் பழைய வார்த்தையை யாரு வச்சிருந்தா என்ன? அட, இவ்வளவுதானா! இவளுக்கு உசிரு வந்துச்சு. ரெண்டே நிமிசத்துல புது வாலட் தொறந்தா, வார்த்தையை இந்த வாட்டி எழுதி ஸ்வெட்டருக்குள்ள சொருகிக்கிட்டா. பழைய வாலட்டுல 'அனுப்பு'ன்னு தொட்டா. புது அட்ரஸ் போட்டா. ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு. அழுத்தினா.

செவப்பு எழுத்துல வந்துச்சு, கட்டணத்துக்குக் காசு போதலைன்னு.

இதென்ன அநியாயம்? அதான் இவ்வளவு பணம் இருக்கே, அதுல எடுத்துக்க வேண்டியதுதானே? எடுத்துக்காதாம்! இந்த டாலர் காயினை நகத்தணும்னா, அந்த நெட்வொர்க்கோட சொந்தக் காயின்னு வேற ஒண்ணு இருக்காம், கட்டணம் அதுலதான் கட்டணுமாம். அது ஒரு இருநூறு முந்நூறு ரூபாய்க்கு இருந்தாப் போதும். ஆனா இருக்கணும். லச்ச ரூபாய் கையில இருக்கு, பஸ்ஸுக்குச் சில்லறை இல்லைன்னு எறக்கி விட்ட கதையா இருக்கேன்னு இவளுக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அந்தக் காயினை விலைக்கு வாங்க எக்ஸ்சேஞ்சுல கணக்கு வேணும். இவ கணக்கு தொறந்து பான் கார்டு, ஆதார் எல்லாம் குடுத்து ரெண்டு நாளாச்சு, இன்னும் 'சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்'னே காட்டுது. கம்பெனி ஆள்கிட்டக் கெஞ்சினா. நாளைக்கு எங்க கணக்குப் பிரிவுல சொல்லி அனுப்பறேன்னான்.

நாளைக்கு! அதுவரைக்கும் நாலு காகிதம் நாலு எடத்துல கெடக்கு. போன்ல பணம் கண்ணுக்கு முன்னாடி இருக்கு. எந்த நிமிசம் வேணாலும் போகலாம், போறதையும் பாத்துக்கிட்டே நிக்கலாம்.

காகிதத்தையாவது வாங்கிருவோம்னு கெளம்பினா. சங்கத்துத் தலைவர் சின்னராஜு வீடு மேல் லயத்துல. மனுசன் ரப்பர் பேண்டு போட்ட ஃபைலைப் பிரிச்சு, ஜெராக்ஸை எடுத்துக் குடுத்துட்டுச் சிரிச்சார். "இதென்னம்மா குடை, ஆடு, ஏணின்னு? உங்கம்மா யாருக்காச்சும் வசியம் வைக்கறாளோன்னு பயந்துட்டேன்." கெஸியா டீச்சர் எஸ்டேட் பால்வாடியில இருந்தாங்க. பைபிளுக்குள்ள நாலா மடிச்சு வச்சிருந்தாங்க, மடிப்புக் கூடப் பிரியலை. "எதுக்குக் கண்ணு இப்படி வேர்த்துக் கொட்டுது, இந்தக் குளிருல?"ன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லை டீச்சர்னுட்டு வந்தா. ஜெராக்ஸ் கடைக்கும் போன் போட்டா. அந்த அண்ணன், "அதெல்லாம் மெசின்ல நிக்காதும்மா, அது வெறும் கண்ணாடி"ன்னு சொன்னார். சரி, மூணு கவலை தீந்துச்சு. மிச்சம் ஒண்ணுதான், மாமா.

அதுல அவளுக்குப் பயமே இல்லை. சுரேந்திரன் மாமா குன்னூர்ல தேயிலை குடோன்ல சூப்பர்வைசர். அம்மாவோட ஒரே தம்பி. மண்டபத்துல கைக்கொழந்தையா இருந்தவர், தெய்வம்மா இடுப்புலயே வளந்தவர். இவளுக்குக் காது குத்தறப்போ மடியில உக்கார வச்சிருந்தது அவர்தான். போன்ல ஏதோ டிரேடிங் பாப்பார், ஏறுது எறங்குதுன்னு பேசுவார், அத்தை அதுக்குச் சண்டை போடுவாங்க. மத்தபடி தங்கமான மனுசன். இந்த வெவரமெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள், முதல்லயே இவர்கிட்டக் கேட்டிருக்கலாமேன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

"மாமா, இந்து பேசறேன். அம்மா ஒரு கலர் ஜெராக்ஸ் குடுத்தாங்களே, அது உங்ககிட்டத்தானே இருக்கு?"

"எது பாப்பா?"

"இங்கிலீஷ்ல பன்னெண்டு வார்த்தை."

கொஞ்ச நேரம் பின்னால லாரி சத்தம் மட்டும் கேட்டுச்சு. "ஆமா ஆமா. இங்கதான் பையில எங்கயோ போட்டேன். ஏன்?"

"தயவு செஞ்சு கிழிச்சுப் போட்டுருங்க மாமா. அது யாருகிட்டயாச்சும் கெடைச்சா எம் பணம் மொத்தமும் போயிரும். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கட்டணும்."

"அட, அப்படியா! சரி சரி, கிழிச்சுர்றேன். பணத்தை வேற எடத்துக்கு மாத்திர வேண்டியதுதானே?"

"அதான் மாமா முடியலை! ஃபீஸ் கட்டறதுக்கு அந்த நெட்வொர்க்கு காயின் இருக்கணுமாம். அது இல்லாம யாராலயும் ஒரு பைசா அசைக்க முடியாது."

"ஓ… அதானா!"ன்னார் மாமா. வாத்தியார் கணக்கை விடுவிச்சுக் காட்டினதும் மாணவனுக்கு வருமே, அப்படி ஒரு குரல். "எத்தனை இருந்தாப் போதும் பாப்பா?"

இவளுக்கோ பெருமை. இன்னைக்குக் காலை வரைக்கும் ஒண்ணும் தெரியாதவ, மாமாவுக்கே சொல்லிக் குடுக்கறா! "இருபது காயின் போதும் மாமா. நாப்பது இருந்தாத் தாராளம்"னு வெளக்கமாச் சொன்னா. பாக்கறேன் பாப்பா, பயப்படாதேன்னு வச்சுட்டார்.

மூணே முக்கால் மணிக்குப் பனி எறங்குச்சு. எதுத்த மேடு மறைஞ்சுபோச்சு. இவ நிறுவைக் கொட்டகையில நின்னுக்கிட்டு, அட்ரஸையும் தொகையையும் போட்டு வச்சு, அந்த 'அனுப்பு'ங்கிற பொத்தானை அழுத்திக்கிட்டே இருந்தா. அழுத்துவா, போதலைம்பான். மறுபடி அழுத்துவா, போதலைம்பான். சும்மா நிக்க முடியலை, அதுதான்.

நாலு மணி அஞ்சு நிமிசத்துக்கு அழுத்தினப்போ போதலைன்னு வரலை. பச்சைச் சக்கரம் ஒண்ணு சுத்துச்சு. 'அனுப்பப்பட்டது.'

இவளுக்கு நம்பிக்கையே வரலை. புது வாலட்டைத் தொறந்தா, அங்க உக்காந்திருக்கு ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு! பழசுல பூஜ்யம். பழசுக்குள்ள நாலு அஞ்சுக்கு நாப்பது ஃபீஸ் காயின் வந்து எறங்கியிருக்கு, அடுத்த கணமே இவ விரல் அதைப் புடிச்சுப் பணத்தை அனுப்பியிருக்கு. "ஐயோ மாமா!"ன்னு அவ சத்தமே போட்டுட்டா. கங்காணி திரும்பிப் பாத்தார். பாத்தா பாத்துட்டுப் போகட்டும்!

அப்பத்தான் கொழுந்துக் கூடைங்க எறங்க ஆரம்பிச்சுது. தெய்வம்மா இடுப்புல கட்டியிருந்த நனைஞ்ச படங்குச் சாக்கைக் கழட்டிக்கிட்டே வேக வேகமா வந்தா. மத்தியானத்துல இருந்து அவ உசிரு அவகிட்ட இல்லை. "என்னடி ஆச்சு?"

"மாத்திட்டேன்மா! மாமாதான் ஃபீஸ் போட்டாரு. பணம் பத்திரமா இருக்கு."

தெய்வம்மா அந்த ஈரத் தரையிலயே உக்காந்து அழுதா. "எந் தம்பி இல்லாட்டி இன்னைக்கு நாம என்னடி ஆயிருப்போம்? போடு, அவனுக்கு ஒரு போன் போடு."

போடறதுக்குள்ள அவரே கூப்பிட்டார். இந்துமதி ஸ்பீக்கர்ல வச்சா.

"பணம் போயிருச்சு"ன்னார் மாமா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "நீயா எடுத்தே?"

"நான்தான் மாமா! காயின் வந்த நிமிசமே அனுப்பிட்டேன். நீங்க மட்டும் போடலைன்னா…"

"ஆ… ஆமா. உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான் போட்டேன்"னார்.

"நல்லா இருப்பே சாமி! ஞாயித்துக்கெழமை குடும்பத்தோட வந்துரு, கோழி அடிக்கறேன்"ன்னு தெய்வம்மா போனுக்குள்ளயே வாயை வச்சுக் கத்தினா. வேலை இருக்குக்கா, அப்புறம் பேசறேன்னு அவர் வச்சுட்டார்.

தெய்வம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு நிறுவை வரிசையில போய் நின்னா. இந்துமதி போனைப் பாத்துக்கிட்டே நின்னா. சந்தோசத்துக்குள்ள ஒரு முள்ளு நெருடுச்சு. என்னன்னு புடிபடலை. மாமா நாப்பது போட்டார், சரி. எங்க போட்டார்? என் வாலட்டுக்கு. என் வாலட் அட்ரஸ் நீளமா முப்பத்து நாலு எழுத்து. அதை அவருக்கு நான் குடுக்கவே இல்லையே? அவரும் கேக்கலையே?

ஜெராக்ஸ்ல அட்ரஸ் இல்லை. வார்த்தை மட்டும்தான். வார்த்தையில இருந்து அட்ரஸ் தெரியணும்னா ஒரே வழிதான், அந்தப் பன்னெண்டையும் போன்ல தட்டித் தொறந்து பாத்திருக்கணும்.

சேச்சே, உதவி பண்ணத்தான் தொறந்திருப்பாருன்னு மனசு சொல்லுச்சு. ஆனா கை சும்மா இருக்கலை. மத்தியானம் கம்பெனி ஆள் அனுப்பின லிங்க்கைத் தொட்டுச்சு. பொதுக் கணக்கு தொறந்துச்சு. மத்தியானம் கம்பெனி அனுப்பினது இருந்துச்சு. நாலு அஞ்சுக்கு நாப்பது உள்ள வந்தது இருந்துச்சு. அதே நிமிசம் இவ அனுப்பினது பச்சையில இருந்துச்சு. அதுக்கு மேல இன்னொரு வரி. செவப்புல.

இவ அனுப்பினதுக்கு ஒம்பது செகண்டு கழிச்சு, இவளோட அதே வாலட்டுல இருந்து, இவ இதுவரைக்கும் பாத்தே இராத ஒரு அட்ரஸுக்குப் பணம் அனுப்பச் சொல்லி உத்தரவு போயிருக்கு. பெட்டி காலியா இருந்ததால நடக்கலை. தோல்வின்னு எழுதியிருக்கு. இவ அழுத்தலை. சத்தியமா இவ அழுத்தலை. ஒரே பெட்டிக்கு ரெண்டு சாவி, ரெண்டு போன். ஃபீஸைப் போட்டதும் அவர் தான் போட்ட ஃபீஸ் அப்படியே இருக்கும்னு நெனைச்சு அழுத்தியிருக்கார், அதுக்குள்ள இங்க ஒரு பைத்தியக்காரி பொத்தானை விடாமத் தட்டிக்கிட்டிருந்திருக்கா. ஒம்பது செகண்டு! முன்னாடியே தொறந்து பாத்து, ஏன் எடுக்க முடியலைன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தவருக்கு, அந்த வித்தையைச் சொல்லிக் குடுத்ததும் இவளேதான்.

மடியில உக்கார வச்ச மாமா. நம்ம மாமா. தலைக்குள்ள இதே ரெண்டு வார்த்தை சுத்திச் சுத்தி வந்துச்சு. தூணைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" தெய்வம்மா நிறுத்துட்டு வந்துட்டா. "அதென்ன செவப்பு?"

மறைச்சுரலாம்னுதான் நெனைச்சா. தம்பின்னா அம்மாவுக்கு உசிரு. ஆனா காகிதத்தைப் பாதி சொல்லிக் குடுத்து இந்தப் பாடு பட்டாச்சு. இன்னொருக்காப் பாதி சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. சொன்னா. அட்ரஸ் எப்படித் தெரிஞ்சுதுங்கறதையும், ஒம்பது செகண்டையும், இது தானா வராது, ஒரு ஆள் விரல் வச்சாத்தான் வரும்ங்கறதையும் வரிசையாச் சொன்னா.

தெய்வம்மா நம்பலை. "மெசின் தப்பாக் காட்டும்டி"ன்னா. அப்புறம், "அவன் உதவிக்குப் போட்டேன்னானே"ன்னா. பக்கத்துல பொம்பளைங்க கூடையை ஒதறிக்கிட்டு லயத்துப் பக்கம் போய்க்கிட்டிருந்தாங்க.

"எவ்வளவு எடுக்கப் பாத்திருக்கான்?"னு கேட்டா.

இந்துமதி எண்ணைப் படிச்சா. "ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

"அப்படின்னா?"

"பூராவும்மா."

"பூராவுமா?" தெய்வம்மா மகளோட மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டா. "நல்லாப் பாருடி. பாதியா இருக்கும். பாதி எடுத்திருந்தான்னா, என்னமோ முடை, அக்காகிட்டக் கேக்க வெக்கப்பட்டான்னு நெனைச்சுக்குவேன்."

"பூராவும்தாம்மா."

"அந்தக் காகிதத்தைக் குடுக்கறப்பவே அவன்கிட்டச் சொன்னேன்டி. வெள்ளிக்கிழமை கட்டலைன்னா நாங்க ரோட்டுல நிக்கணும் தம்பின்னு, அவன் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன். சொல்லித்தான் குடுத்தேன்."